மாப்பிள்ளை எடையும் ஹெட்லைட் உயரமும்

கடையைச் சாத்தி இரண்டு வருஷம் ஆகிறது. மயிலாடுதுறையில் முப்பத்தாறு வருஷம் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்தவன் என்பதால், தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டீர்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. என்னைவிட அது தெளிவாகச் சொல்லும். நான் சொதப்பிய ஒரு நாளைச் சொல்கிறேன். அது போனில் கிடைக்காது.

கடையைச் சாத்துவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது. சலீம் பாய் என்று ஒருவர். வளைகுடாவில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து டைல்ஸ் கடை வைத்தவர். சிகரெட், சினிமா எதுவும் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் உண்டு. சிவப்பு நிறத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேற்கூரையை மடக்கிப் பின்னால் போடுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தார். ஐம்பது வயது தாண்டிய வண்டி. எங்கோ மலைத் தோட்டத்தில் கோணி போர்த்திக் கிடந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தரைக்கும் அதன் அடிவயிற்றுக்கும் நான்கு விரல்தான் இடைவெளி. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்.

அந்த வண்டியின் ஹெட்லைட் இரண்டும் எரிகிறதா இல்லையா என்று கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவற்றைக் கழற்றிவிட்டுப் புது எல்இடி விளக்கு மாட்டினோம். அதே வட்டம், அதே அளவு, வெளிச்சம் மட்டும் வெள்ளை வெளேரென்று. இந்த விளக்கின் குணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டிம்மில் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடாக நிற்கும். கோட்டுக்குக் கீழே பகல், மேலே ராத்திரி. அந்தக் கோடு எதிரே வருகிறவரின் இடுப்புக்குக் கீழே நின்றால் பிழைத்தோம். கண்ணுக்கு ஏறினால் அவர் பிழைக்க வேண்டும்.

சலீம் பாயின் பள்ளிக்கூட நண்பர் ராமமூர்த்தி சார், கணக்கு வாத்தியார். அவர் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டிதான் வரும் என்று சலீம் பாய் வாக்குக் கொடுத்துவிட்டார். சாரின் ஊர் கும்பகோணம் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பிள்ளையார் கோயிலில் கிளம்பி மண்டபம் போய்ச் சேரும் வரைக்கும் ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் சம்பா நாற்றங்கால். நடுவில் ஒரு பஸ் மட்டும் போகிற அகலத்துக்கு ஒரு பாலம்.

அன்றைக்குக் காலையில் வண்டி என்னிடம் வந்தது. ஹெட்லைட்டைச் சரியாக வைக்க இருட்டு வேண்டும், சமதளம் வேண்டும், எதிரே இருபத்தைந்து அடியில் ஒரு சுவர் வேண்டும். பகலில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் எனக்குத் தெரிந்து அரிசி ஆலை குடோன்தான். ஆலைக்காரரைக் கேட்டு உள்ளே கொண்டுபோய் நிறுத்தினோம்.

வெறும் வண்டியில் லைட் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், மூக்கோடு சேர்ந்து வெளிச்சமும் தூக்கும். மற்றவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன் என்று அன்றைக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தேன். ஓட்டப்போகிறவர் சலீம் பாய், அவரையே சீட்டில் உட்கார வைத்துவிடலாம். பக்கத்து சீட்டுக்கு மாப்பிள்ளையின் எடை தெரிய வேண்டும். ராமமூர்த்தி சாருக்கு போன் போட்டேன்.

"அதை நான் எப்படிங்க கேக்குறது?" என்றார். "பொண்ணு பாக்க வந்தப்ப பஜ்ஜி கூட ரெண்டு வைக்கப் போனதுக்கே அந்தம்மா முகம் மாறிடுச்சு. நீங்களே கேட்டுக்குங்க." மாப்பிள்ளையின் அம்மாவுடைய நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டார்.

நான் கூப்பிட்டேன். "வணக்கம்மா. கார் லைட் வேலை பாக்குறவன் பேசுறேன். மாப்பிள்ளை எத்தனை கிலோ இருப்பாருங்க?"



"எதுக்கு?"

"அவரு எடைக்குத் தக்கபடி லைட் வைக்கணும்மா."

"எங்க பையன் எடைக்கும் லைட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? பொண்ணு வீட்டுல கேக்கச் சொன்னாங்களா?"

"இல்லம்மா. நானாத்தான் கேக்குறேன்."

"அறுபத்தெட்டு" என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டார்கள்.

கால் மணி நேரம் கழித்து ராமமூர்த்தி சார் கூப்பிட்டார். "என்னங்க கேட்டுத் தொலைச்சீங்க? மாப்பிள்ளைக்குத் துலாபாரம் குடுக்கப் போறீங்களான்னு சம்பந்தியம்மா கேக்குறாங்க. கோயில்ல தராசுல உக்கார வச்சு எடைக்கு எடை வெல்லமோ கல்கண்டோ குடுப்பாங்களே, அது. ஆமான்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. அதுக்குன்னா தொண்ணூறுன்னு வச்சுக்கச் சொல்றாங்க."

ஆக என் கையில் இரண்டு எண்கள். சலீம் பாயும் நானும் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு ஆராய்ந்தோம்.

"மொதல்ல சொன்னதுதாண்ணே நெசம்" என்றார் சலீம் பாய். "கல்கண்டுன்னு தோணினதும் ஏத்திட்டாங்க."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஆசைப்பட்டு ஏற்றிச் சொல்வார்கள், குறைத்து எதற்குச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். எந்த அம்மாவின் கண்ணுக்கும் பிள்ளை இளைத்துத்தான் தெரியும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கும் ஒரு அம்மா இருந்தார், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அறுபத்தெட்டோடு பட்டு வேட்டி, மாலை, மோதிரம் எல்லாம் சேர்த்து எழுபத்தைந்து என்று கணக்குப் போட்டேன். குடோனிலேயே இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் மூன்று எடுத்து, சீட்டின் மேல் சலீம் பாய் துண்டு விரித்த பிறகு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சணல் கயிற்றால் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ விறைப்பாக உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருந்தது. ஆலையில் வேலை செய்கிற அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை நல்ல நெறம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கை வைத்தேன். சுவரில் கோடு நூல் பிடித்த மாதிரி நின்றது. அட்ஜஸ்ட் பண்ணுகிற போல்ட்டுகளுக்கு கிரீஸ் வைத்தேன். அன்றைக்கு முழுவதும் நான் செய்த உருப்படியான காரியம் அந்த கிரீஸ் ஒன்றுதான்.

சாயங்காலம் நானும் விருந்தாளியாக, சலவை வேட்டி சட்டையில், பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். வண்டியைப் பூக்காரர்கள் அலங்காரம் செய்து முடித்திருந்தார்கள். பின்பக்க டிக்கி மூடியே தெரியவில்லை, அத்தனை சாமந்தி. என் டூல்ஸ் பெட்டி அந்த டிக்கிக்குள்தான் இருந்தது. அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை வந்தார். நல்ல பையன், சிரித்த முகம். கோயில் படியில் அவர் இறங்கி வந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று சிப்பத்தில் அடங்குகிற உடம்பு இல்லை. சரி, கொஞ்சம் கூடத்தான் என்று மனசைத் தேற்றிக்கொள்வதற்குள் போட்டோகிராபர் குறுக்கே வந்தார்.

"சார், சீட்டுல உக்காந்தா மாலை மட்டுந்தான் ஃபிரேம்ல வரும். மேல ஏறி உக்காருங்க."

மாப்பிள்ளை சீட்டில் காலை வைத்து ஏறி, மடித்துப் போட்ட கூரையின் மேல், வண்டியின் வால்பக்கம் உட்கார்ந்தார். வண்டி பெருமூச்சு விட்டுப் பின்னால் சாய்ந்தது. சலீம் பாய் விளக்கைப் போட்டார். எதிரே இருந்த தென்னை மரத்தில் எத்தனை இளநீர் என்று எண்ணலாம்.

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கூட்டம், மேளம், நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவசரப்படுத்துகிற பெரியவர்கள். நான் வேலை செய்த விளக்கு சரியில்லை என்று அத்தனை பேர் முன்னால் நானே எப்படிச் சொல்வது? மெதுவாகத்தானே போகப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

சொன்னவர் வேறொருவர். தவில் வித்வான். நல்ல ஆகிருதி, காதில் கடுக்கன். வண்டிக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போகிறவர் அவ்வப்போது மாப்பிள்ளையைப் பார்த்துத் திரும்பி வாசிக்க வேண்டும். முதல் தடவை திரும்பியதுமே வாசிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"லைட்டு கண்ணுல அடிக்குதுங்க."

"புது லைட்டுங்க. போகப் போகப் பழகிடும்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். முப்பத்தாறு வருஷத்தில் நான் வாடிக்கையாளர்களிடம் சொன்ன பதில்களிலேயே மட்டமான பதில் அது. உங்களில் யாராவது "பழகிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். கண் பழகுவதில்லை. கேட்டவர் திரும்பக் கேட்பதை விட்டுவிடுகிறார், அவ்வளவுதான்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மேளம், நடுவில் வண்டி, பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா, பின்னால் தட்டு ஏந்திய பெண்கள். இரண்டு பக்கமும் டியூப்லைட் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அவற்றுக்கு ஜெனரேட்டர் ஒரு தள்ளுவண்டியில் பின்னால் வந்தது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், நன்றாக இருட்டிவிட்ட நேரத்தில், ஜெனரேட்டர் இரண்டு தும்மல் தும்மி நின்றுபோயிற்று. டியூப்லைட் எல்லாம் அணைந்தன. மிச்சம் இருந்தது எங்கள் ஹெட்லைட் மட்டும்.

அதே நேரத்தில் பாலத்தின் மேல் ஒரு மொபெட் வந்தது. மண்டபத்துக்குத் தயிர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மிச்சத் தயிரை எடுத்துவர வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆள். பாலம் தாண்டியதும் வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்க, ஒரு கையால் கண்ணை மறைத்தார். மறு கை பிடித்த பக்கம் வண்டி போனது. சத்தமே இல்லாமல் நாற்றங்காலில் இறங்கிவிட்டார். நாங்கள் ஓடிப் பார்த்தபோது உடம்பெல்லாம் சேறாக, முழங்கால் வரை புதைந்து நின்றுகொண்டு, காலி கேனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"அடி ஏதும் பட்டுச்சாங்க?" என்று கேட்டேன்.

"படல. இது எந்தப் பக்கம் ரோடுன்னு மட்டும் சொல்லுங்க, ஒண்ணும் தெரியல" என்றார். பிறகு சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "எனக்குப் பின்னாலயே டவுன் பஸ் வருதுங்க."

யோசித்துப் பாருங்கள். விளக்கை எரியவிட்டால் பஸ் டிரைவருக்குக் கண் தெரியாது. அணைத்தால் அறுபது எழுபது பேர், அதில் பாதி குழந்தைகள், வாய்க்காலுக்கும் நாற்றங்காலுக்கும் நடுவில் இருட்டில் நிற்பார்கள். மாப்பிள்ளையைக் கீழே இறக்கினால் மூக்கு தாழும். அதைச் சொல்லிப் பார்த்தேன்.

"மண்டபம் போறதுக்குள்ள மாப்பிள்ளை கால் தரையில படக் கூடாது" என்றார் ஒரு பெரியவர்.

"சரிங்க, சீட்டுக்காவது எறங்கி உக்காரட்டும்."

மாப்பிள்ளை இறங்க முயன்றார். பூ அலங்காரத்துக் கம்பியில் பட்டு வேட்டி மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும். "அசையாதப்பா" என்றார் அவர் அம்மா. அந்த வழியும் அடைபட்டது.

பதற்றம் வரும்போது வேலையில் கை வைக்காதீர்கள். முதலில் ஆபத்தை நிறுத்துங்கள், அப்புறம் ரிப்பேர். நான் தயிர்க்காரரைக் கேட்டேன், "பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் பஸ்ஸை நிறுத்துவீங்களா?" அவர் உடனே கிளம்பினார். தலை முதல் கால் வரை சேற்றோடு, கேனைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஓடினார். அப்படி ஒரு உருவம் எதிரே வந்தால் எந்த டிரைவரும் நிறுத்துவார். பாலத்துக்கு அப்பால் பிரேக் சத்தம் கேட்டது. கையோடு சலீம் பாயிடம் வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன்.

இப்போது விளக்கைத் தாழ்த்த வேண்டும். விளக்கைச் சுற்றி இருக்கிற வளையத்தை விரலாலேயே நெம்பி எடுத்தேன், ஒரு நகம் போயிற்று. போல்ட்டைத் திருப்ப ஸ்பானர் வேண்டும். பெட்டி டிக்கிக்குள் இருக்கிறது, டிக்கி மேல் சாமந்தி, சாமந்திக்கு மேல் மாப்பிள்ளை.

தவில் வித்வான் பக்கத்தில் வந்து நின்றார். இந்தக் காலத்துத் தவிலுக்கு இரும்பு வளையமும் போல்ட்டும் உண்டு, முறுக்குவதற்கு இடுப்பில் ஸ்பானர் வைத்திருப்பார்கள்.

"ஸ்பானர் என்கிட்ட இருக்கு" என்றார். "லைட்டு கண்ணுல அடிக்குதுன்னு கோயில் வாசல்லயே நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கூட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. "பழகிடும்னு சொன்னேங்க. தப்புங்க. நீங்க சொன்னதுதான் சரி" என்றேன்.

ஸ்பானர் கைக்கு வந்தது. அளவு கொஞ்சம் லூசு, ஆனால் கவ்வியது.

அடுத்தது சுவர். வயல்வெளியில் சுவருக்கு எங்கே போவது? வித்வானையும் நாதஸ்வரக்காரர்கள் இருவரையும் இருபத்தைந்து அடி அளந்து, ரோட்டின் குறுக்கே வண்டியைப் பார்த்து வரிசையாக நிற்கச் சொன்னேன். மூன்று வெள்ளை வேட்டிகள். குடோன் சுவரைவிட நல்ல திரை. அதிலும் ஒரு வசதி, இந்தச் சுவர் பேசும்.

வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு, வலது விளக்கின் மேல் போல்ட்டைத் திருப்பினேன்.

"எப்படிங்க இருக்கு?"

"நெத்தி" என்றார் வித்வான். "இன்னும் வாங்க. மூக்கு. தாடை. இப்பக் கழுத்து."

"இப்போ?"

"தவிலு. மறுபடி மூக்கு."

என்ன ஆயிற்று என்று நிமிர்ந்தால், நான் என்ன செய்கிறேன் என்று மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பின்னால் சாய்ந்திருக்கிறார்.

"மாப்பிள்ளை, தயவுபண்ணி ஒரே மாதிரி உக்காருங்க" என்றேன்.

"சாரிங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா உங்ககிட்ட எவ்வளவுன்னு சொன்னாங்க?"

"அறுபத்தெட்டு."

"காலேஜ் சேந்தப்ப அறுபத்தெட்டுங்க" என்றார். "இப்ப தொண்ணூத்தி ரெண்டு."

இரண்டு விளக்கையும் இறக்கினேன். மூன்று வேட்டிகளிலும் முழங்காலுக்குச் சற்று மேலே கோடு ஒரே நேராக நின்றது. மேலே மூன்று முகமும் இருட்டில். "கண்ணு குளிர்ந்திருச்சு" என்றார் வித்வான்.

நான் எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். மாப்பிள்ளையின் அம்மா ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினார். "பெரியவங்க நீங்க போயி எங்க பையன் கால்ல விழுறீங்களே, எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். கண் கலங்கியிருந்தது. இத்தனை நேரம் நான் மண்டியிட்டிருந்ததை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். நானும் மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு உண்மையை ஒப்புக்கொண்டால் போதும் என்று தோன்றியது.

பஸ் மெதுவாகப் பாலத்தில் ஏறி, எங்களைக் கடந்து போனது. டிரைவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணைச் சுருக்கவில்லை, கையால் மறைக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நம் தொழிலில் பாராட்டு அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். எதிரே வருகிறவர் நம்மைப் பற்றி ஒன்றும் நினைக்காமல் போவதுதான்.

ஊர்வலம் மண்டபம் போய்ச் சேர்ந்தது. தயிர்க்காரர் குளித்து வேறு வேட்டி கட்டிக்கொண்டு மிச்சத் தயிரோடு பந்திக்கு வந்துவிட்டார். அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "நாத்தங்கால்ல விழுந்ததால பொழச்சேன், வாய்க்கால்ல விழுந்திருந்தா நீஞ்சத் தெரியாது" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்கிற கதையில் அந்த ஒரு வரியை மட்டும் நான் இன்றுவரை சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. உங்களுக்கும் அதை அப்படியே தருகிறேன்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே சலீம் பாய் வாசலில் நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"என்ன பாய், தூங்கலியா?"

"மாப்பிள்ளை எறங்கிட்டாருல்ல" என்றார். "வண்டி மூக்கு எறங்கிடுச்சு. லைட்டு பம்பருக்கு முன்னால ஆறடி, அதுக்கு மேல போகல. பதினெட்டு கிலோமீட்டர் ரோட்டைத் தேடிக்கிட்டே வந்தேண்ணே. எத்தனை தவளை குறுக்க போச்சுன்னு கேளுங்க, ஒண்ணு விடாம சொல்றேன்."

வண்டியை மறுபடியும் குடோனுக்குக் கொண்டுபோனோம். அவரை உள்ளே உட்காரச் சொன்னேன். அவர் எப்போதும் கூட்டிக்கொண்டு போகிற அவர் மனைவியை வரவழைத்துப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னேன். குடோன் கதவைச் சாத்தி, விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, நான் இருபத்தைந்து அடி நடந்துபோய் சுவருக்கு முன்னால் வண்டியைப் பார்த்து நின்றேன்.